சொட்டு டீச்சர் நடத்திய கடைசித் தேர்வு

சொட்டு டீச்சருக்கு அந்தப் பெயர் வந்தது அவளுடைய வாயால்தான். ஆய்வகத்தில் பிள்ளைகள் அமிலத்தையும் காரத்தையும் வைத்துக்கொண்டு நிற்கும்போது மேசைக்கு மேசை போய், “அவசரப்படாதே, ஒரு சொட்டு... இன்னும் ஒரே ஒரு சொட்டு” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துப் பிள்ளைகள் சூட்டிய பெயர், அவர்கள் படித்து முடித்துப் போன பிறகும் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டது. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். “நல்லவேளை, வாளின்னு வைக்கலையே” என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் உயிரை வைத்திருந்தது அந்த ஒரு பரிசோதனையில்தான். தாங்கியில் நிமிர்ந்து நிற்கும் நீளமான கண்ணாடிக் குழாய், அதற்குப் பெயர் பியூரெட். அதில் காரம். கீழே வெள்ளை ஓட்டின் மேல் கூம்புக் குடுவை, அதில் அளந்து விட்ட அமிலமும் நிறங்காட்டி இரண்டு துளியும். குழாயின் திருகைத் திறந்து காரத்தைச் சிறுகச் சிறுக இறக்கிக்கொண்டே குடுவையைச் சுழற்ற வேண்டும். வெகுநேரம் குடுவையில் இருப்பது வெறும் தண்ணீர் மாதிரித்தான் தெரியும். அமிலம் தீர்ந்துபோன அந்தக் கணத்தில், ஒரே சொட்டில், வெளிறிய இளஞ்சிவப்பு தோன்றி நிற்கும். அங்கே திருகை மூடிவிட வேண்டும். எவ்வளவு காரம் இறங்கியிருக்கிறது என்று குழாயைப் பார்த்துச் சொன்னால் அதுதான் விடை.

“குழந்தை வெக்கப்பட்ட கன்னம் மாதிரி இருக்கணும் நிறம். அறை வாங்கின கன்னம் மாதிரி ஆக்கிடாதீங்கடா” என்பாள்.

இயற்பியலும் அவள்தான். ஊசலின் குண்டை ஆட விட்டு எண்ணச் சொல்வாள், திருகு அளவியில் கம்பியின் தடிமனைப் பார்க்கச் சொல்வாள், நடுவே திடீரென்று வாய்மொழிக் கேள்வியைப் போடுவாள்.

“இரும்பு ஆணி தண்ணியில முங்குது. இரும்புக் கப்பல் எப்படி மிதக்குது?”

வகுப்பில் ஓயாமல் பேசுகிறவன் ஒருவன் இருந்தான். அவனுக்குப் பட்டப்பெயர் ரேடியோ. அவன் எழுந்து நின்றான். “கப்பல்ல கேப்டன் இருக்காரு டீச்சர். ஆணிக்கு யாரு இருக்கா?”

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். “உன் வாய்க்கு முழு மார்க். விடைக்குச் சைபர். உக்காரு.”

அப்படிப்பட்டவளுடைய கண்ணில்தான் விதி கையை வைத்தது.

முதலில் அவளே கவனிக்கவில்லை. கடையில் காய் பொறுக்கும்போது பழுத்த தக்காளியை விட்டுவிட்டுக் காயை அள்ளினாள். மகளுடைய சிவப்புச் சட்டையில் அறுந்த பொத்தானைப் பழுப்பு நூலால் தைத்துக் கொடுத்தாள். விடைத்தாளில் தான் போட்ட சிவப்பு மை தனக்கே கறுப்பாகத் தெரிந்த அன்றுதான் அவளுக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போனாள்.

அவர் விளக்கை அடித்துப் பார்த்தார். புள்ளிப் புள்ளியாக வண்ணம் தெளித்த அட்டைகளைக் காட்டி, அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். அவளுக்கு எண்ணே தெரியவில்லை, புள்ளிகள்தான் தெரிந்தன.

“கண்ணாடி மாத்தினா சரியாகுமா டாக்டர்?”

“இது கண்ணாடிக்கு அடங்குறது இல்லம்மா. உள்ளே நரம்பு வாடிக்கிட்டு வருது. மொதல்ல சிவப்புதான் மங்கும். எழுத்து, ஆள் முகம் எல்லாம் இப்போதைக்குத் தெரியும். மருந்து தர்றேன், இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம். போனது திரும்பாது.” சீட்டை எழுதிக்கொண்டே கேட்டார்: “நீங்க என்ன வேலை?”

“டீச்சர்.”

“என்ன பாடம்?”

“மொழிப்பாடம்” என்றாள்.

பொய்! ‘பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே’ என்று ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த வாய் அன்று கூசாமல் பொய் சொன்னது. வீட்டுக்கு வந்து மருந்துப் புட்டியைத் துணி அலமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள்.

ஏன் மறைத்தாள்? நிறம் தெரியாதவளை ஆய்வகத்தில் நிற்க விடமாட்டார்கள். அமிலமும் அடுப்பும் இருக்கிற இடம், அது நியாயமும்கூட. ஆனால் அந்த வருடம்தான் அவளுடைய ஒரே மகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தாள். அம்மாவின் ஆய்வகத்தில், அம்மாவின் முன்னால் நின்று அந்தக் குழாயைப் பிடிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து காத்திருந்த பெண். மேல்வகுப்பில் அறிவியல் பிரிவில் சேர வேண்டும், வேதியியல் படிக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு மூச்சு. அந்தப் பிரிவில் இடம் கொஞ்சம், செய்முறைத் தேர்வில் தோற்றவர்களுக்கு அங்கே கதவு திறக்காது. ‘இந்த ஒரு வருஷம் மட்டும். என் பொண்ணைக் கரையேத்திட்டு நானே சொல்லிடறேன்’ என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொண்டாள் அந்தத் தாய்.

அவளுடைய ரகசியத்தைத் தெரிந்துகொண்ட ஒரே ஆள், பாட்டில்களைக் கழுவி அடுக்கும் ஆய்வக உதவியாளர். பள்ளி முழுக்க அவரை லேப் அண்ணன் என்றுதான் கூப்பிடும். ஒரு நாள் அவள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியபோது, குடுவை சிவந்த பிறகும் அவள் விரல் திருகை மூடாததைப் பார்த்தார். லேசாக இருமினார். அவள் திடுக்கிட்டு மூடினாள். அடுத்த வாரம் மறுபடி இருமினார். அதற்குப் பிறகு அது ஓர் ஏற்பாடாகிவிட்டது. நிறம் வந்தால் அவர் இருமுவார், அவள் மூடுவாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

“என்ன அண்ணே, இருமல் விடவே மாட்டேங்குதே? அமிலத்தைக் குடிச்சிட்டீங்களா?” என்று ரேடியோ கேட்டால், “உன் பாடத்தைக் கேட்டுக் கேட்டு நெஞ்சு அடைச்சுப் போச்சுடா” என்று சமாளிப்பார்.

செய்முறைத் தேர்வு வந்தது. தேர்வன்று காலையில், அன்றைக்குக் கொடுக்கப்போகும் அதே கரைசல்களை வைத்து, ஆசிரியர் முதலில் தானே செய்து பார்ப்பார். அவருக்கு வரும் அளவுதான் உரைகல். பிள்ளைகளின் விடை அதற்கு ஒட்டி இருந்தால் முழு மதிப்பெண், தள்ளிப் போகப் போகக் குறையும். கொள்கலனுக்குக் கொள்கலன் கரைசல் கொஞ்சம் மாறும் என்பதால் அந்த அளவு புத்தகத்தில் இருக்காது. ஆசிரியரின் கண்தான் புத்தகம்.

அன்று பார்த்து லேப் அண்ணனை வேறொரு பள்ளிக்குத் தேர்வு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் நாளே அவர் கலங்கிப்போய் வந்து நின்றார்.

“டீச்சர், நான் முடியாதுன்னு சொல்லிடட்டுமா? இருமல்னு சொல்லி லீவு போட்டுடறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “போயிட்டு வாங்கண்ணே. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வதுதான் அவளால் முடியாத காரியம் என்பது இருவருக்கும் தெரியும்.

காலையில் ஆளில்லாத ஆய்வகத்தில் தனியாக நின்றாள். சன்னல்களை அகலத் திறந்து வைத்தாள். குடுவைக்கு அடியில் புது வெள்ளைத் தாளை விரித்தாள். சொட்டுச் சொட்டாக விட்டாள். தண்ணீர், தண்ணீர், இன்னும் தண்ணீர். கடைசியில் சாம்பல் படிந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்ததும் சட்டென்று மூடினாள். குழாய் இருபத்தொன்று புள்ளி நான்கு என்று காட்டியது. திருப்பிச் செய்தாள், அதேதான் வந்தது. இரண்டு முறையும் ஒன்றுபோல் வந்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. ‘கடவுளே, இன்னும் என் கண்ணு செத்துப் போகல’ என்று குழாயைக் கும்பிட்டாள். தவறான கண், தவறாமல் ஒரே தவறைச் செய்யும் என்பது அந்த நேரத்தில் அந்த அறிவியல் ஆசிரியைக்குத் தோன்றவே இல்லை.

நிம்மதியில் இன்னொன்றையும் மறந்தாள். வேலை முடிந்ததும் குழாயைக் காலி செய்து கவிழ்த்து வைப்பது லேப் அண்ணனின் பழக்கம். அன்று அது அப்படியே, காரம் நின்ற மட்டத்தைக் காட்டிக்கொண்டு, அவள் மேசைமேல் நின்றது.

சுண்ணக்கட்டி எடுக்க என்று மேசைப் பக்கம் போனான் ரேடியோ. அவ்வளவுதான். வகுப்பு மணி அடிப்பதற்குள் இருபத்தொன்று புள்ளி நான்கு என்பது எல்லார் காதுக்கும் ஒலிபரப்பாகிவிட்டது.

தேர்வு தொடங்கியது. ஆசிரியர் அறையில் ஏற்கனவே அரசல் புரசலாகப் பேச்சு இருந்தது. ‘பெத்த பொண்ணாச்சே, மார்க்கை வாளியிலதான் ஊத்துவா’ என்று. அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. அதனால் மகளிடம் மட்டும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். வாய்மொழிக் கேள்வியில் மற்றவர்களுக்கு இரண்டு என்றால் மகளுக்கு நான்கு கேட்டாள். ஊசலின் நீளத்தைக் கூட்டினால் என்ன ஆகும், பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏன் ஏறாது, துரு என்பது என்ன, மெழுகு எரிந்த பிறகு எங்கே போகிறது? மகள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பள்ளியில் அவளுக்கு இவள் அம்மா இல்லை, டீச்சர்தான்.

பிறகு குடுவைகளைப் பார்க்கும் நேரம். ஒவ்வொரு மேசையாகப் போனாள். இருபத்தொன்று நான்கு. இருபத்தொன்று நான்கு. இருபத்தொன்று மூன்று. எல்லாக் குடுவைகளிலும் அவள் காலையில் பார்த்த அதே மங்கல். மனசு குளிர்ந்தது. ‘என் பிள்ளைகள்!’ என்று பூரித்தாள்.

மகளின் மேசைக்கு வந்தாள்.

“அளவு?”

“இருபது புள்ளி ரெண்டு, டீச்சர்.”

டீச்சரின் புருவம் ஏறியது. குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர். வெறும் தண்ணீர்.

“என்னது இது? நிறமே வரலியே, அதுக்குள்ள நிறுத்திட்டே?”

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். “வந்திருக்கு டீச்சர்.”

“எங்கே வந்திருக்கு?”

“உங்க கையிலதான் டீச்சர் இருக்கு. நல்லாப் பாருங்க.”

குரல் கெஞ்சியது. எதற்குக் கெஞ்சுகிறாள் என்று டீச்சருக்குப் புரியவில்லை. எல்லார் முன்னாலும் சொந்த மகள் எதிர்த்துப் பேசுகிறாள் என்பது மட்டும்தான் புரிந்தது. நாளை ஆசிரியர் அறையில் என்ன பேசுவார்கள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

“தண்ணியைக் காட்டிச் சிவப்புன்னு சொல்றியா? யாருக்குப் பொறந்த திமிரு இது? கிளாஸ்ல எல்லாருக்கும் வந்தது உனக்கு மட்டும் வரலேன்னா தப்பு எங்கே இருக்கு? ஒரு சொட்டு, ஒரு சொட்டுன்னு கத்திக் கத்தி என் தொண்டை போனது யாருக்கு?” திரும்பி வகுப்பைப் பார்த்தாள். “சொல்லுங்க, இதுல நிறம் இருக்கா?”

அவள் உயர்த்திப் பிடித்திருந்த குடுவையில், அவளே சொல்லிக் கொடுத்த அதே வெட்கப்பட்ட கன்னத்தின் நிறம், வெளிச்சத்தில் அழகாக நின்றது. எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ரேடியோகூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

“பாத்தியா?” என்று சைபர் போட்டாள்.

“சரி டீச்சர்” என்றாள் மகள். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாயங்காலம் லேப் அண்ணன் அந்தப் பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்தார். மேசைமேல் குடுவைகள் கழுவாமல் வரிசையாக நின்றன.

“என்ன டீச்சர், பிள்ளைங்க எல்லாம் சாயப்பட்டறை வச்சிட்டாங்களா? இப்படிச் சிவக்க விட்டிருக்காங்க!”

டீச்சர் மகளுடைய குடுவையைக் காட்டினாள். “அண்ணே, இதுல?”

“இதுல ஒண்ணும் இல்லியே.” ஒரு கணம் யோசித்தார். “சரியா நிறுத்தினது காத்து பட்டா கொஞ்ச நேரத்துல வெளுத்துடும்ல டீச்சர்? இது யாரோடது?”

புதிதாகக் குழாயை நிரப்பினாள், குடுவையில் அமிலத்தை அளந்தாள். “இருமாதீங்கண்ணே. வாயைத் திறந்து சொல்லுங்க.”

சொட்டுகள் விழுந்தன. இன்னும் கொஞ்சம் விழுந்தன.

“வந்துடுச்சு டீச்சர்.”

மூடினாள். குழாயில் அளவைப் பார்த்தாள். இருபது புள்ளி இரண்டு. குடுவையைப் பார்த்தாள். தண்ணீர்.

அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் சரிந்தாள். “என் பொண்ணு அண்ணே... எல்லார் எதிர்லயும்... ‘நல்லாப் பாருங்க’ன்னு சொன்னா. நான் பாக்கலேண்ணே. என்னால பாக்க முடியலேண்ணே!”

லேப் அண்ணனுக்குக் கண் கலங்கியது. “அழாதீங்க டீச்சர். மார்க்கைத் திருத்திடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“என்னன்னு சொல்லித் திருத்துவேன்? மத்த எல்லாருக்கும் தப்பான அளவுக்கு முழு மார்க். என் பொண்ணு ஒருத்திக்கு மட்டும் சைபரை அழிச்சு முழு மார்க். ஏன்னு கேட்டா?”

ஊர் நம்பக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான், அவள் கண். அதைச் சொல்லாமல் இருந்தால் மகளுக்கு வேதியியல் இல்லை. சொன்னால் அம்மாவுக்கு ஆய்வகம் இல்லை.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கணவன் சாமான் ஏற்றி இறக்கும் வண்டி ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன, ஆளுக்கொரு பக்கம் அமிலமும் காரமுமா உக்காந்திருக்கீங்க? நான் நடுவுல உப்பா?”

யாரும் சிரிக்கவில்லை. “சரி, உப்பு கம்மி போல” என்று முணுமுணுத்துவிட்டுக் கை கழுவ எழுந்து போனான்.

மகள் துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குத் தாய் போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள், ஆனால் வாயில் வந்தது கேள்வி.

“ரேடியோ அளவைச் சொல்லியிருப்பானே. உனக்கும் தெரியும்தானே?”

“தெரியும்மா.”

“அதை எழுதியிருந்தா நீ பாஸ். ஏன்டி எழுதல?”

மகள் மடித்த சட்டையை மறுபடி பிரித்தாள். “உனக்கு சிவப்பு தெரியலைன்னு எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா. சேலைக்கு அடியில மருந்து இருக்கிறதும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்.” குரல் உடைந்தது. “இன்னிக்கு ரொம்ப மெதுவா, ஒரு சொட்டுகூட அதிகமாகாம விட்டேம்மா. அது உனக்குத் தெரிஞ்சிட்டா உன் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்னு நெனச்சேன். எனக்கு மார்க் வேணும்னு வேண்டிக்கல. உனக்குத் தெரியணும்னுதான் வேண்டிக்கிட்டேன்.”

தாய் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரின் அழுகையும் எது யாருடையது என்று தெரியாமல் கலந்துபோனது.

“நாளைக்குப் பெரிய டீச்சர்கிட்ட சொல்லிடறேன்டா.”

மகள் விலகி நிமிர்ந்தாள். “வேண்டாம்மா! சொன்னா உன்னை லேப்ல விடமாட்டாங்க. சைபர் அப்படியே இருக்கட்டும். நான் கணக்குப்பதிவு பிரிவுல சேந்துக்கறேன். எனக்கு அதுவும் பிடிக்கும்.”

“உனக்கு அது பிடிக்காதுடி.”

“பழகிக்கறேன். நீ லேப் இல்லாம எப்படிம்மா இருப்பே?”

“நானும் பழகிக்கறேன்” என்றாள் தாய்.

மறுநாள் தலைமையாசிரியையின் அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் ஈரமில்லாதவர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார்.

“இத்தனை நாள் ஏம்மா சொல்லல?”

“இந்த ஒரு வருஷத்தை ஓட்டிடலாம்னு பாத்தேன் மேடம்.”

“அமில பாட்டிலை மாத்தி எடுத்திருந்தா? ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

தலை குனிந்தது.

முடிவு அன்றே வந்தது. தேர்வு செல்லாது. வேறு பள்ளி ஆசிரியர் வந்து மறுபடி நடத்துவார். சொட்டு டீச்சர் இனி சின்ன வகுப்புகளுக்கு வாசிப்புப் பாடம் எடுப்பாள். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள், வகுப்பில் தானே சொல்ல வேண்டும் என்று. தலைமையாசிரியை தலையசைத்தார்.

கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். “நான் கொடுத்த அளவு தப்பு. என் கண்ணுக்கு இப்ப சிவப்பு தெரியறதில்லை. நேத்து ஒருத்தர் மட்டும்தான் சரியா செஞ்சிருந்தாங்க, அவங்களைத்தான் நான் திட்டினேன். மறுபடி தேர்வு இருக்கு. யார் சொன்னாலும் கேக்காதீங்க. குடுவையைப் பாருங்க.”

ரேடியோ எழுந்து நின்றான். முதல் முறையாக அவன் குரல் அடங்கிக் கேட்டது. “எங்களுக்கும் இருபதுலயே நிறம் வந்துச்சு டீச்சர். எல்லாருக்கும் வந்துச்சு. ஆனா நீங்க தப்பாப் பாத்திருக்க மாட்டீங்கன்னு... நாங்கதான் ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு நெனச்சு, மேல ஊத்திட்டோம்.”

அந்தப் பேச்சைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஏமாற்றினோம் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பாள். அவள்மேல் வைத்த நம்பிக்கையைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் ஊற்றியிருந்தார்கள் பிள்ளைகள். “உக்காருப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்துக்குள் அவள் காலை வைக்கவில்லை.

மகள் தேறினாள். முழு மதிப்பெண். மேல்வகுப்பில் அறிவியல் பிரிவில் இடமும் கிடைத்தது. வந்து சொன்ன நாளில் மூன்று பேரும் சிரித்தார்கள், இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒன்று மெல்ல நின்றுபோனது. முன்பெல்லாம் மகள் அடுப்படிக்கு வந்து, இது ஏன் பொங்குகிறது, அது ஏன் கறுக்கிறது என்று அம்மாவைத் தொணதொணப்பாள். இப்போது ஆய்வகத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டால், “சும்மா, சின்ன எக்ஸ்பெரிமென்ட்தான்மா” என்று பேச்சை மாற்றிவிடுவாள். அம்மாவுக்கு வலிக்கக் கூடாதே என்றுதான். அந்த அக்கறை ஒவ்வொரு நாளும் அம்மாவைக் கொன்றது. எந்தப் பாடத்துக்காக எல்லாவற்றையும் விட்டாளோ, அந்தப் பாடம் இருவருக்கும் நடுவே கதவாகச் சாத்திக்கொண்டது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். பக்கத்து அறையிலிருந்து மகளின் குரல் தாழ்ந்து கேட்டது. உப்புகளையும் அவை சுடரில் காட்டும் நிறங்களையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தாய் கையில் வைத்திருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு காது கொடுத்தாள். ஒரு நிறத்தை மகள் தவறாகச் சொன்னாள். தாயின் உதடு தானாக அசைந்து சரியானதைச் சொன்னது, சத்தம் வராமல்.

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். “ஏன்டா பாப்பா, திருடன் மாதிரி குசுகுசுன்னு படிக்கிற? சத்தமாப் படியேன், நானும் ரெண்டு கத்துக்கறேன்.”

“மெதுவாப் பேசுப்பா” என்றாள் மகள். “அம்மா தூங்குறாங்க.”

தாய் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். ஓசை வராமல் பாயில் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி, கண்களை மூடிக்கொண்டாள்.